யார் புற உலகச் சிந்தனையற்றோர்?

அரசாங்க ஏடுகளிலே ஒரு பெயர் உண்டு. நண்பர்களே, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘புற உலகச் சிந்தனையற்றோர்’. ஆட்டிசம் உடையவர்களுக்கு அதிகாரிகள் எழுதி வந்த தமிழ்ப் பெயர் அது. மதியிறுக்கம் என்பார் சிலர். ஆட்டிசம் என்றே சொல்வார் பலர். பள்ளி மணி அடித்தால் இரு காதையும் பொத்திக்கொண்டு துடிக்கும் பிள்ளை, சட்டைக் கழுத்தின் உறுத்தலைத் தாங்க மாட்டாத பிள்ளை, நேற்று இருந்த இடத்தில் இன்று நாற்காலி இல்லையென்றால் உடனே கண்டுகொள்ளும் பிள்ளை, இவர்களுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்! என்னே ஆராய்ச்சி! புற உலகம் அளவுக்கு மீறி வந்து மோதுவதாலன்றோ அப்பிள்ளைகள் துடிக்கிறார்கள்?

வாருங்கள், இப்பிள்ளைகளுக்கென நடக்கும் ஒரு சிறு பள்ளிக்குள் நுழைந்து பார்ப்போம். பிள்ளைகள் ஐவர், ஆசிரியை ஒருவர். சுவரில் வரிசையாகப் படங்கள்: புத்தகம், மணி கோக்கும் கயிறு, சாப்பாட்டுத் தட்டு, ஊஞ்சல், வீடு. அடுத்து என்ன நடக்கும் என்பதை அப்படங்கள் சொல்கின்றன. தெரிந்துவிடுவதால் அச்சம் தணிகிறது. கை கழுவுவது நமக்கு ஒரே செயல். அங்கே அது ஏழு பாடம்: குழாயைத் திறத்தல், நனைத்தல், சோப்பு எடுத்தல், தேய்த்தல், அலசுதல், குழாயை மூடுதல், துடைத்தல். ஒரு பாடத்திற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகும். பேச்சு வராத சிறுவன் ஒருவன், தண்ணீர்க் குவளையின் படத்தை எடுத்து ஆசிரியையின் கையில் வைக்கிறான். தாகம் எடுத்தபோதெல்லாம் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தவன் அவன். ‘அடங்காப் பிள்ளை’ என்றது ஊர். ‘கேட்க வழி தெரியாத பிள்ளை’ என்று கண்டார் ஆசிரியை. எப்படிக் கண்டார்? உற்றுப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. ஏன் இருந்தது? ஐவர் மட்டுமே இருந்தார்கள்!

ஆகவேதான் சொல்கிறோம்: ஐவருக்கு ஒருவர் என்பது சொகுசு அல்ல, சலுகை அல்ல, தருமமும் அல்ல. அந்த எண்ணிக்கைதான் அங்கே கல்வி. எண்ணிக்கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது நான்கு சுவரும் ஒரு பூட்டுமே.

இதை நாம் மட்டுமா சொல்கிறோம்? சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசத்திற்கு இடமே இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சொல்லியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக அதை ஏற்றது. 6 முதல் 18 வயது வரை, சட்டம் வகுத்த அளவுக்குக் குறைபாடுடைய பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம் என்று உரிமையும் வழங்கியது. சிறப்பாசிரியர்கள் தொடுத்த வழக்கில், 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டிசம் உடைய ஐந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நெறிமுறை அத்தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டப்பட்டுள்ளது. பொதுப் பள்ளிகளில், தொடக்க வகுப்பில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்றும் பின்னர் அளவு வகுக்கப்பட்டது.

நடந்தது என்ன? 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், பணியிடங்களை அறிவியுங்கள், நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது! உத்தரவு நிறைவேறியிருந்தால் இரண்டாம் உத்தரவு எதற்கு, தோழர்களே?

“பொதுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டோமே, போதாதா?” என்பார்கள். சேர்த்தீர்கள், வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதினீர்கள், கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். கற்பித்தீர்களா? எல்லாப் பிள்ளைகளோடும் ஒன்றாய்ப் படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. அது நடக்கவேண்டும் என்பதே நம் ஆசையும். ஆனால், வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாய்ச் சுற்றி வந்து, ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் ஒரு சிறப்பாசிரியரை நம்பி அதைச் செய்கிறோம் என்பது கேலிக்கூத்து. ஆசிரியர் இல்லாத சேர்க்கை, அடுப்பில்லாத சமையலறை.

“பணம் எங்கே?” என்பார்கள். பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, ஐயா! உங்கள் கருவூலத்திலிருந்து அல்ல. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் தாயின் ஊதியத்திலிருந்து! கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தகப்பனின் சட்டைப் பையிலிருந்து! கட்டமுடியாத கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையோ, கதவடைத்த அறைக்குள் வளர்கிறான். அவன் செலவை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

உலகம் நடந்த வழியையும் காணுங்கள். 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைக் குறித்து எழுதினார். அதன்பின் பல்லாண்டுக் காலம், தாயின் பாசக் குறைவே காரணம் என்று அறிஞர் பெருமக்கள் பழி சுமத்தினர். அப்பழியைச் சுமந்த பெற்றோரே பள்ளியும் கட்டினர். இலண்டனில் பெற்றோர் சங்கம் 1965-இல், சிபில் எல்கர் என்ற ஆசிரியையைக் கொண்டு, ஈலிங்கில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. தில்லியில் பெற்றோர் முயற்சியால் 1994-இல் ‘ஓபன் டோர்’ பள்ளி பிறந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவிலோ, பெற்றோர் குரல் சட்டமன்றத்தை எட்டியது. 1972-இல் மாநிலம் முழுமைக்கும் அரசே பொறுப்பேற்றுத் திட்டம் வகுத்தது. பெற்றோர் தொடங்குவதும், அரசு தன் தோளில் ஏற்பதும் முறை. இங்கே பெற்றோர் தொடங்குகிறார்கள். அரசு பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறது!

நாம் கேட்பது மூன்றே. வட்டந்தோறும் அரசின் செலவில் ஒரு சிறு சிறப்புப் பள்ளி. ஐவருக்கு ஓர் ஆசிரியர், அவருக்கு நிலையான வேலை, முறையான ஊதியம். இப்போது பெற்றோர் நடத்தும் பள்ளிகளுக்கு, கெஞ்சாமல் கிடைக்கும் மானியம்.

வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருவோரிடம் இவற்றைக் கேளுங்கள். ‘எங்கள் வட்டத்தில் எத்தனை பணியிடம்? எத்தனை நிரம்பின?’ என்று எண்ணிக்கையைக் கேளுங்கள். விடை வராவிட்டால், அந்தப் பழைய பெயரை அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கையில் வைத்துத் தண்ணீர் கேட்ட சிறுவன் புற உலகத்தை நோக்கிக் கை நீட்டிவிட்டான். அந்தக் கையை இன்னும் காணாதவர் எவரோ, அவரே புற உலகச் சிந்தனையற்றோர்!