மனனக் கட்டுரையும் ஆறரைப் புள்ளியும்



கடந்த மாதம் பழைய மாணவி ஒருத்தி என் வீட்டிற்கு வந்திருந்தாள். 2007ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் பயின்றவள். புதுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, இடைநிலைப்பள்ளியை முடித்து, தாதியர் பயிற்சியும் பெற்று, இன்று மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறாள். (நமக்குப் பெருமை இருக்காதா?) பிரிட்டனுக்குச் சென்று பணியாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை எழுதியிருக்கிறாள். கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 புள்ளி, எழுத்தில் 6.5 புள்ளி வேண்டும் என்பது அந்நாட்டுத் தாதியர் மன்றத்தின் விதி. மூன்றில் தேறிவிட்டாள். எழுத்தில் மட்டும் இரண்டு முறையும் 6. அந்த அரைப் புள்ளிதான் அவளுக்கும் விமானத்துக்கும் இடையே நிற்கிறது.

"ஐயா, நான் தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் இப்படியா?" என்று கேட்டாள்.

முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெற்றோர்கள் கேட்கும் அதே கேள்வி. தமிழ்ப்பள்ளியில் படித்து மருத்துவரானவர், வழக்கறிஞரானவர் என்று ஒரு பட்டியலை ஒப்புவித்து அவர்களை அனுப்பிவிடுவது என் வழக்கம். இவளிடம் அப்படிச் சொல்ல நா எழவில்லை. எழுதியவற்றைக் காட்டு என்றேன்.

டியூசன் நிலையத்தில் கொடுத்த கோப்பைக் கொண்டுவந்திருந்தாள். முப்பது மாதிரிக் கட்டுரைகள்! அவற்றைப் பார்த்து அவள் எழுதிப் பழகியவை நான்கு. சுற்றுச்சூழல், கைப்பேசி, முதியோர் பராமரிப்பு, போக்குவரத்து நெரிசல்... நான்கிற்கும் தொடக்க வாக்கியம் ஒன்றே. முடிவுரையும் ஒன்றே. சட்டை ஒன்று, போட்டுக்கொண்டவர் மட்டும் வேறு வேறு.

அத்தேர்வின் எழுத்துத் தாள் ஒரு மணி நேரம். முதற்பகுதியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். இரண்டாம் பகுதி 250 சொற்களுக்குக் குறையாத கருத்துக் கட்டுரை. இதற்கு முதற்பகுதியைப் போல் இரு மடங்கு மதிப்பு. திருத்துவோர் நான்கு கூறுகளைச் சம அளவில் பார்க்கின்றனர்: கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறாரா, கருத்துகள் கோவையாக உள்ளனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. இலக்கணத்தின் பங்கு கால்வாசிதான். மனனம் செய்த பகுதிகளை அவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். அவற்றால் புள்ளி ஏறாது, குறையவே செய்யும்.

அவளிடம் மொழிப் பிழைகளும் இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' போன்ற சுட்டுகள் நம் மொழியில் அப்படியே இல்லை. மலாய் மொழியிலோ காலத்திற்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை. இவ்விரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அவ்விரண்டு இடங்களிலும் தடுமாறுவது இயல்பு. பயிற்சியால் சரிசெய்துவிடலாம். என்னைக் கவலைப்படுத்தியது அதுவன்று.

முதியோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமா, இல்லங்கள் பராமரிக்க வேண்டுமா என்ற தலைப்பை எடுத்து, "உன் கருத்தைத் தமிழில் சொல்" என்றேன். பத்து நிமிடம் பேசினாள். அவளுடைய வார்டில் ஒரு முதியவர். குணமடைந்த பிறகும் அழைத்துச் செல்ல ஆளில்லை. மகன்கள் மூவர். ஒருவர் இரவில் லாரி ஓட்டுபவர், ஒருவர் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட், ஒருவர் வாடகை அறையில் குடியிருப்பவர். "அப்பாமேல் பாசம் இல்லாமல் இல்லை ஐயா. பகலில் வீட்டில் யாரும் இல்லை. நன்றி கெட்டவர்கள் என்று எல்லாரும் ஏசுகிறார்கள். பகலில் மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் அவர் வீட்டுக்கே போய்விடுவார்" என்றாள்.

கருத்து இருக்கிறது, காரணம் இருக்கிறது, சான்று இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"இதையெல்லாம் எழுதலாமா ஐயா?"

கண்ணால் கண்டதைக் கட்டுரையில் எழுதக்கூடாது என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரித்தபடி ஒப்புவிக்கத் தொடங்கினாள். கிழக்கு வெளுத்தது, பறவைகள் கூவின, அம்மா எழுப்பினார் என்று தொடங்கும் சுற்றுலாக் கட்டுரை. ஒரு சொல் பிசகவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நான் எழுதிக்கொடுத்து, வகுப்பையே மனனம் செய்ய வைத்த கட்டுரை அது! அந்த வகுப்பில் பாதிப் பேர் அந்தச் சுற்றுலாத் தலத்தைப் பார்த்ததே இல்லை.

அப்போது எல்லார் வாயிலும் ஏழு ஏ, ஏழு ஏ என்பதே பேச்சு. நானும் அந்த ஓட்டத்தில் ஓடினேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தபோது மாலையும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு வரிகூட எழுத வராத பிள்ளைக்கு மாதிரிக் கட்டுரை ஒரு கைத்தாங்கல்தானே என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். மறுக்கமாட்டேன். குழந்தைக்கு நடைவண்டி வேண்டும். நாம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம், அவ்வளவுதான். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. மாதிரிக் கட்டுரை நூல்கள் இன்னும் நம் மேசைமீதுதான் கிடக்கின்றன.

உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான மூயெட் தேர்விலும் இதே கதைதான். அதன் பேச்சுத் தாளில் தனியே பேசிய பிறகு குழுவாகவும் கலந்துரையாட வேண்டும். அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கி, அதை ஏற்றோ மறுத்தோ பேச வேண்டும். மனனம் அங்கே என்ன செய்யும்? நாலாம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் "நீ ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று ஒருமுறையாவது கேட்கப்பட்ட பிள்ளைக்கு அங்கே வாய் திறக்கும். பத்து வயதிலேயே ஆங்கில டியூசன் தேடி அலையும் பெற்றோர்களே, இந்தக் கேள்வியை வீட்டில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. பிள்ளை உங்களை மறுத்துப் பேசினால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் இப்போது ஞாயிறுதோறும் ஒரு கட்டுரை அனுப்புகிறாள். நான் ஆங்கில ஆசிரியரல்லன். எந்த வரி அவளுடையதன்று என்று தோன்றுகிறதோ அதன்கீழ் மட்டும் கோடிடுகிறேன். இலக்கணத்தை எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியை பார்த்துத் தருகிறார். மூன்றாம் முறைத் தேர்வு அடுத்த மாதம். போன வாரக் கட்டுரை அந்த முதியவரின் கட்டிலிலிருந்து தொடங்கியது. இரண்டு இடங்களில் காலம் பிழையாக இருந்தது. நான் கோடிட ஒரு வரியும் இல்லை.