ஆடி மாதத்துக் கணக்கு

நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா வாழ்ந்த ஸ்ரீரங்கத்தில், நாதஸ்வரக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். சீவாளிப் பையிலேயே மடித்து வைத்திருந்ததால் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கல்லூரி விழாவில் வாசித்த சம்பளத்தில் 10 சதவீதம் வரி பிடித்ததற்கான சான்று அது. வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானமே இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால்தான் பிடித்த பணம் திரும்பும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் இந்தப் பிடித்தத்துக்கான வரம்பை 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக்கினார்கள், நல்லதுதான். ஆனால் செட்டு முழுவதற்கும் ஒருவர் பெயரிலேயே காசோலை போட்டால் அந்த வரம்பு எம்மாத்திரம்? தவில்காரரின் பங்கும் இவர் வருமானமாகவே பதிவாகிறது. கல்யாண வீட்டுப் பணமோ கையில் வந்து கையிலேயே கரைகிறது. கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்டத் துண்டுச் சீட்டு இருக்காது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருந்தும், விண்ணப்பத்தை நிரப்ப ஆளில்லாமல் நிற்பவர்களைப் பார்க்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வாசிப்பு இல்லாமல் இவர்களுக்கு நேரம் இருக்கும். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் இருக்கும் அரசு கலை பண்பாட்டு மையத்தில் அந்த மாதம் ஒரு மேசை போட்டு, ஒரு கணக்கரை உட்கார வையுங்கள்.