விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அது என் தப்பு.

தைப்பூச விரதம் ஆரம்பிக்கும் முன்னாடி ஒவ்வொரு வருஷமும் இதை எழுத நினைப்பேன், தள்ளிப் போட்டுடுவேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க.

நான் தேக்கா பக்கத்துல ஒரு கோயில்ல பல வருஷமா தொண்டூழியம் செய்றேன். அன்னதானத்துல பாத்திரம் கழுவ ஒரு தம்பி வருவாரு. அமைதியான பிள்ளை. மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுறவருன்னு அவங்க அம்மா சொல்லித்தான் தெரியும். சில வருஷத்துக்கு முன்னாடி, காவடிக்கு 48 நாள் விரதம் இருக்கப் போறதாச் சொல்லி என்கிட்ட வந்தாரு.

"அண்ணே, மாத்திரை போட்டா காலையில நாலு மணிக்கு எழுந்து குளிக்க முடியல. விரதத்துல விட்டுடலாமா?"

நான் யோசிக்கவே இல்ல. "48 நாள்தானே தம்பி. முருகன் பார்த்துக்குவான்"னு சொல்லிட்டேன்.

முதல் வாரம் முகமே தெளிவா இருந்துச்சு. விடியற்காலையிலேயே கோயிலுக்கு வந்துட்டாரு. எல்லாரும் பாராட்டினோம். ரெண்டாவது வாரம் தூக்கம் போச்சு. வாந்தி, வியர்வை, கை நடுக்கம். ஒரு இடத்துல உட்கார முடியாம பிரகாரத்தைச் சுத்திச் சுத்தி நடந்தாரு. "தோலுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்குண்ணே"ன்னு சொன்னாரு. வாய் தானா அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதைப் பார்த்து "சாமி இறங்குது"ன்னு சிலர் கும்பிட்டாங்க. நானும் விபூதி பூசிவிட்டேன். பிறகு பழைய குரல்களும் கேட்க ஆரம்பிச்சுது. அந்த வருஷம் காவடி இல்ல, ஆஸ்பத்திரிதான்.

பிறகுதான் டாக்டர் விளக்கினாரு. ஆன்டிசைக்கோடிக் மாத்திரைகள் மூளையில டோபமின் என்ற ரசாயனத்தின் வேகத்தைத் தடுக்குது. ரொம்ப நாள் அப்படி இருந்தா மூளை அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கும். நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி: காதுல பஞ்சு வச்சுக்கிட்டே இருந்தா, உன்னிப்பாக் கேட்கப் பழகிடுவோம். பஞ்சைத் திடீர்னு எடுத்தா சின்ன மணிச் சத்தமும் இடி மாதிரி கேட்கும். அதனால நிறுத்தின சில நாள்ல வர்ற தூக்கமின்மை, நடுக்கம், பதற்றம் எல்லாம் அந்த அதிர்ச்சியா இருக்கலாம். நோயே திரும்பி வர்றதாவும் இருக்கலாம். எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டியது மருத்துவர். ரெண்டுமே சாமி இல்ல, ரெண்டுமே பாவமும் இல்ல.

இது சிங்கப்பூர்ல மட்டும் நடக்குற கதை இல்ல. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிக்கு எல்லா மதத்துக்காரங்களும் மனநோயாளிகளைக் கூட்டிட்டுப் போவாங்க. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் இறந்தாங்க. சங்கிலியில கட்டி வச்சிருந்ததால ஓட முடியல. அவங்களைக் கொன்றது நம்பிக்கை இல்ல, சங்கிலியும் கவனிப்பு இல்லாததும்தான். திருச்சி பக்கத்துல குணசீலம் பெருமாள் கோயிலையும் பாருங்க. மனநோயாளிகள் 48 நாள் தங்கி வழிபடுறது அங்கே பழைய வழக்கம். பூஜையில தீர்த்தம் தெளிப்பாங்க. அதே கோயிலைச் சேர்ந்த மறுவாழ்வு மையத்துல மனநல மருத்துவரும் பார்க்குறாரு. தீர்த்தமும் மாத்திரையும் ஒரே இடத்துல. பெருமாள் கோவிச்சுக்கல.

அதனால என் கருத்தை நேராச் சொல்றேன்.

தொண்டூழியர்களே, "மாத்திரையை விடலாமா"ன்னு யாராவது கேட்டா நம்ம பதில் ஒண்ணுதான்: "டாக்டரைக் கேளுங்க. மருந்தால விரதம் கெடாது." நோயாளி, கர்ப்பிணி, குழந்தைன்னா விரதத்துல விலக்கு கொடுக்குறது நம்ம வீட்டுப் பெரியவங்க வழக்கம்தானே. மாத்திரை தூக்கம் தருதுன்னா, நாலு மணிக் குளியலை ஏழு மணிக்கு மாத்துங்க. முருகன் அப்பவும் அங்கேதான் இருப்பான்.

ஏற்கனவே நிறுத்திட்டு அவதிப்படுறவங்களுக்கு: வெட்கப்பட வேண்டாம். எந்தத் தேதியில நிறுத்தினீங்கன்னு கிளினிக்ல மறைக்காமச் சொல்லுங்க. பயந்துபோய் பழைய அளவை நீங்களாவே மறுபடி ஆரம்பிக்காதீங்க. முக்கியமா குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல விட்டுப்போனா, குறைஞ்ச அளவுல இருந்துதான் திரும்பத் தொடங்கணும். அதை மருத்துவர்தான் செய்யணும். அதுவரைக்கும் உபவாசம் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணி, இருட்டான அமைதியான அறை, கூட ஒரு ஆள். மேளச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் கொஞ்ச நாள் லீவு. சரியாக வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

மாத்திரையைக் குறைக்க ஆசைப்படுறவங்களுக்கு: அந்த ஆசை தப்பில்ல. எடை கூடுறது, மந்தம், உடம்பு இறுக்கம் எல்லாம் உண்மையான கஷ்டம். மருத்துவரிடம் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா குறைக்கிறதா இருந்தா மாதக்கணக்கில், சின்னச் சின்னதா, மருத்துவர் கண்காணிப்புல. அப்படிச் செஞ்சாலும் ஆபத்து முழுசாப் போயிடாது. பிரிட்டனில் 253 பேரை ரெண்டு வருஷம் கவனிச்ச ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மெதுவாகக் குறைத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அது 13 சதவீதம். ஒரே மூச்சில் நிறுத்துறது எவ்வளவு பெரிய சூதாட்டம்னு நீங்களே யோசிங்க.

நம்ம பெரியவங்க இன்னும் "உட்பிரிட்ஜ்"னு சொல்லிப் பயப்படுற இடம்தான் இன்றைய மனநலக் கழகம், புவாங்கோக்ல இருக்கு. 24 மணி நேர உதவி எண் 6389 2222. உயிருக்கு ஆபத்துன்னா 995. கோயில் நோட்டீஸ் போர்டுல அன்னதான அறிவிப்புக்குப் பக்கத்துல இந்த எண்களையும் ஒட்டணும்னு நிர்வாகத்தைக் கேட்டிருக்கேன்.

அந்தத் தம்பிக்கு ஒழுங்காத் தூக்கம் வரவே ஆறு வாரம் ஆச்சு. கை நடுக்கம் நிக்க அஞ்சு மாசம். அவங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க"ன்னாங்க. அதுதான் இன்னும் வலிக்குது.

அடுத்த தைப்பூசத்துக்குத் தம்பி பால்குடம் எடுத்தாரு. இடுப்புப் பையில மாத்திரை இருந்துச்சு. டேங்க் ரோடு வரைக்கும் தண்ணி பாட்டிலோட நான் கூடவே நடந்தேன்.

உங்க வீட்டுலயோ உங்க கோயில்லயோ இப்படி ஒருத்தர் இருந்தா, இதைப் பகிருங்க.

முருகா சரணம்.