பூட்டிய கட்டடமும் இயங்காத கணக்கும்

பழைய கோவாவுக்கு வருகிறவர்கள் பாம் ஜீசஸ் ஆலயத்தில் சவேரியாரின் பேழையைப் பார்ப்பார்கள், எதிரே சே கதீட்ரல் முன்னால் ஒரு போட்டோ, அப்புறம் பஸ் ஏறிவிடுவார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நானும் அப்படித்தான் கூட்டிப்போய்க் கொண்டிருந்தேன். பக்கத்து மேட்டில் இருக்கும் சான்டா மோனிகா கன்னியர் மடத்துக்கு ஏறிப்போக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

கோவாவின் முதல் பெண் துறவியர் மடம் இதுதான். ஆர்ச்பிஷப் அலெய்ஷோ டி மெனேசஸ் காலத்தில் 1606-ல் தொடங்கி 1627-ல் முடித்தார்கள். 1636-ல் தீப்பிடித்து, திரும்பக் கட்டினார்கள். செம்புராங்கல்லில் மூன்று மாடி. வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. தடித்த முட்டுச்சுவர்கள் தாங்கி நிற்கின்றன. உள்ளே போனால் நம் தொட்டிக்கட்டு வீடு மாதிரி நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம்.

எதிரே அகஸ்தீனியர் மடம். ஒரு காலத்தில் 46 மீட்டர் உயரம் நின்ற கோபுரத்தில் இன்று பாதிதான் மிச்சம். இரண்டும் ஒரே மேடு, ஒரே கல், ஒரே மழை. பிறகு ஏன் ஒன்று நிற்கிறது, ஒன்று விழுந்தது?

1834-ல் போர்ச்சுகல் அரசு துறவு சபைகளைக் கலைத்தது. 1835-ல் ஆண்கள் மடம் காலியானது. ஏழே வருஷம்! 1842-ல் கூரை வளைவு இடிந்து விழுந்தது. 1931-ல் முகப்பும் பாதிக் கோபுரமும் போயின. பெண்கள் மடத்தில் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்றார்களே தவிர, இருந்தவர்களை வெளியேற்றவில்லை. கடைசிக் கன்னியர் இறந்தது 1885-ல். பிறகு ராணுவம் தங்கியது. 1964-ல் அருட்சகோதரிகளுக்கான மாதெர் தேய் நிறுவனம் வந்தது. 2002-ல் மடத்து ஆலயத்துக்குள் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் வந்தது.

வங்கியில் இரண்டு வருஷம் வரவுசெலவு இல்லாத கணக்கை இயங்காத கணக்கு என்று ஒதுக்கிவிடுவோம். அதில் பணமாவது அப்படியே இருக்கும். கட்டடம் அப்படி இல்லை. ஓட்டில் விழுந்த விரிசலை அன்றே பார்க்க உள்ளே ஒரு ஆள் வேண்டும். பழைய கட்டடங்களைப் பூட்டிப் பலகை மாட்டுவது பாதுகாப்பு ஆகாது. பள்ளிக்கூடமோ நூலகமோ, ஏதாவது ஒன்று உள்ளே நடக்கட்டும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அம்மா போனபின் ஆறு வருஷமாக எங்கள் ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விட்டால் பாழாகிவிடும் என்று தம்பியிடம் சண்டை போட்டவன் நான். மேட்டிலிருந்து இறங்கும்போதே அவனுக்குப் போன் செய்தேன்.

"டியூஷன் சென்டருக்குக் கேட்டாங்கன்னியே, குடுத்துடு."

"என்னண்ணே, திடீர்னு?" என்றான்.