குளோஸ் பண்ணிட்டன் எண்டால் அழிச்சிட்டன் எண்டில்லை

வற்றாப்பளையில ஒரு கொமினிகேசன் கடையில கொஞ்சநாள் நிண்டிருக்கிறன். ஃபோட்டோக்கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். ஒருநாள் ஒரு அன்ரி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மகளின்ர பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தந்து ஒரு படிவம் நிரப்புவிச்சா. முடிஞ்சு எழும்பேக்க கேட்டா: "தம்பி, என்ர விபரம் ஒண்டும் இதுக்குள்ள கிடவாதே?"

நான் யோசிக்கவே இல்லை. "இல்லை அன்ரி, எல்லாம் குளோஸ் பண்ணிட்டன்." அவ நம்பிப் போனா.

நான் சொன்னது பிழை. பொய் சொல்ல நினைச்சுச் சொல்லேல்லை. எனக்குப் படிப்பிச்சதைத்தான் சொன்னன். உயர்தர ஐசிடி பாடத்தில் புரொசஸ் ஒன்றின் நிலைகளுக்கு ஒரு படம் வரும்: புதியது, ஆயத்தம், ஓடுவது, தடுக்கப்பட்டது, முடிவுற்றது. கடைசி வட்டத்துக்குப் பிறகு அம்புக்குறி கிடையாது. வட்டத்தைச் சரியாகக் கீறினால் புள்ளி விழும். முடிஞ்சாப் பிறகு மெமரிக்கு என்ன நடக்கும் எண்டு வகுப்பில ஒருத்தி கேட்டதுக்கு ரியூசன் சேர் சொன்ன பதில்: "அதை கேர்னல் பார்த்துக்கொள்ளும்."

எனக்குச் சண்டை இந்த வசனத்தோடதான். அது அரைவாசி உண்மை. முழுப்பொய்யை எண்டால் ஆராவது பிடிச்சிருப்பாங்கள்.

உண்மையான அரைவாசியை முதல் சொல்லுறன், ஏனெண்டால் அதுக்கு மரியாதை குடுக்க வேணும். கேர்னல் எப்பவும் பார்த்துக்கொண்டதில்லை. 1985இல் வந்த அமிகா கொம்பியூட்டரில் ஒரு புரோகிராம் வாங்கின மெமரியைத் திருப்பிக் குடுக்காமல் செத்தால், மெஷினை ரீஸ்டார்ட் செய்யும்வரை அந்த இடம் போனதுதான். எந்த மெமரி ஆரிட்டை இருக்கு எண்ட கணக்கையே அந்தச் சிஸ்டம் வைச்சிருக்கேல்லை. வின்டோஸ் 3.1இலும் தூரிகை, பேனை, எழுத்துரு மாதிரியான கிராஃபிக்ஸ் பொருட்களை அழிக்க மறந்த புரோகிராம் மூடுப்பட்ட பிறகும், அவை இடத்தைப் பிடிச்சுக்கொண்டே கிடக்கும். பார்த்துக்கொள்ளுற கேர்னல் எண்டது ஆக்கள் இருந்து எழுதி, பிழைவிட்டு, திருத்தி வந்த ஒரு வேலை.

லினக்ஸில் ஒரு புரொசஸ் எக்ஸிட் ஆகேக்க என்ன நடக்குது? முதலில் அந்த மெமரியை வேற ஆராவது பாவிக்கிறாங்களா எண்டு எண்ணிக்கை பார்க்கும். ஒரே மெமரியில் பத்துத் திரெட் ஓடினால், ஒன்பது செத்தாலும் ஒண்டும் விடுபடாது. பத்தாவது போகேக்கதான் கதவு பூட்டுப்படும். பிறகு ஒவ்வொரு பகுதியாக மப்பிங்கைக் கழற்றும். சி லைப்ரரி மாதிரி எல்லாரும் பகிருற பக்கங்களில் எண்ணிக்கை மட்டும் ஒண்டு குறையும். தனக்கு மட்டும் சொந்தமான பக்கங்கள் விடுபடும். இதில ஒரு நுணுக்கம் இருக்கு. எந்த முகவரி எங்க இருக்கு எண்டு புரொசசர் தனக்குள்ள ஒரு சின்னக் குறிப்பு வைச்சிருக்கும், டிஎல்பி எண்டு பேர். அந்தக் குறிப்பை அழிக்க முதல் பக்கத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தால், பழைய குறிப்பை வைச்சு ஆராவது புது ஆளின்ர வீட்டுக்குள்ள பூந்திடலாம். அதனால கேர்னல் பக்கங்களைக் கூட்டமாகச் சேர்த்து வைச்சு, குறிப்பை அழிச்சு, அதுக்குப் பிறகுதான் விடும். கடைசியா பேஜ் டேபிள்களும் போகும். மிஞ்சுறது ஒரு சின்னப் பதிவும் எக்ஸிட் இலக்கமும்தான். பெற்ற புரொசஸ் வந்து அதை வாசிக்கும்வரை அது ஸொம்பி. படத்தில் ஒரு வட்டமாக இருக்கிற இடத்தில் இவ்வளவு நடக்குது. இதைப் படிப்பிக்காமல் வட்டத்துக்குப் புள்ளி போடுறது அநியாயம்.

இதுக்கு எதிர்ப்பக்கத்தில இன்னொரு கூட்டம் இருக்கு. ஒவ்வொரு மல்லொக்குக்கும் ஒரு ஃப்ரீ எழுதாட்டில் எக்ஸிட் ஆகக்கூடாது எண்டு நிக்கிற ஆக்கள். அவங்களோடயும் எனக்கு ஒத்துவராது. சாகப்போற புரோகிராம் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை ஒவ்வொண்டாகத் தேடி விடுவிக்கிறது நேர விரயம், கேர்னல் முழுப் பக்கமாக அள்ளிக்கொண்டு போகும். டி மொழியின் கொம்பைலரான டிஎம்டி மெமரியை வாங்கிக்கொண்டே போகும், ஃப்ரீ பண்ணுறதே இல்லை. வேகத்துக்காக அப்படி வைச்சிருக்கிறதாக அதை உருவாக்கின வோல்ட்டர் பிரைட் 2013இல் வெளிப்படையாகவே எழுதினார். மைக்ரோசொஃப்ட்டின் ரேமண்ட் சென் 2012இல் இதுக்கு ஒரு உவமை சொன்னார்: கட்டடத்தை இடிக்கப் போறாங்கள் எண்டால் நிலத்தைக் கூட்டிக்கொண்டு நிக்காதே.

நல்ல உவமைதான். ஆனால் இடிஞ்ச வீட்டுக்குள்ள ஒண்டும் கிடக்காது எண்டு வன்னியில பிறந்த எங்களுக்கு ஆரும் சொல்லேலாது. மீள்குடியேறி வந்த சனம் கல்லையும் ஓட்டையும் கிளறி உறுதிப் பத்திரமும் படமும் தேடினதைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள்.

மற்ற அரைவாசி இங்கதான் இருக்கு. கேர்னல் மெமரியைத் திருப்பி எடுக்கும் எண்டது உண்மை. திருப்பி எடுக்கேக்க துடைக்கும் எண்டு ஆரும் சொல்லேல்லை. எங்கட வைகாசிப் பொங்கலை எடுங்கோ. திங்கள் இரவு முழுக்க அம்மன் கோயில் வெளியில் அடுப்பு எரியும். செவ்வாய் விடிய சனம் போயிடும், வெளி திரும்பக் கோயிலுக்குச் சொந்தம். ஆனால் அடுப்புக் கல்லும் கரியும் சாம்பலும் போட்டது போட்டபடி கிடக்கும். அந்த இடத்தில் அடுத்ததாகப் பொங்க வாறவர்தான் சாம்பலைத் தள்ளிப்போட்டு அடுப்பு வைப்பார். லினக்ஸும் வழமையாக இப்படித்தான். செத்த புரொசஸின் பக்கம் 'காலி' எண்ட பட்டியலில் ஏறும், உள்ளே இருந்த எழுத்து அப்படியே இருக்கும். வேற புரொசஸுக்குக் குடுக்க முதல்தான் பூச்சியமாக்கும். அது எப்ப எண்டு ஆருக்கும் உத்தரவாதமில்லை. மெஷின் சும்மா கிடந்தால் கனநேரம் கிடக்கும். வின்டோஸ் கொஞ்சம் பரவாயில்லை, வேலையில்லாத நேரத்தில் காலிப் பக்கங்களைப் பூச்சியமாக்கவெண்டே ஒரு திரெட்டை ஓட விட்டிருக்கு.

பயப்படுத்த எழுதேல்லை. பக்கத்துக் கதிரையில் இருக்கிற பொடியன் சாதாரண புரோகிராம் ஒன்றை எழுதி அன்ரியின்ர இலக்கத்தை எடுக்க ஏலாது. குடுக்க முதல் துடைக்கிற விசயத்தில் கேர்னல் கண்டிப்பு. ஆனால் கேர்னலுக்குள்ளயே ஓட்டை இருந்தால் எடுக்கலாம். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டின மாதிரி, கரண்டை நிற்பாட்டின பிறகும் றாமில் எழுத்துக் கொஞ்சநேரம் தங்கும். குளிராக்கினால் இன்னும் கூடத் தங்கும். எங்கட ஊருக்கு இதெல்லாத்தையும் விடக் கிட்டவா இருக்கிறது ஹாட் டிஸ்க். றாம் காணாத பழைய மெஷினில் பக்கங்கள் ஸ்வப் எண்டு டிஸ்க்குக்குப் போகும். புரொசஸ் செத்தால் அந்த இடமும் 'காலி' எண்டு குறிக்கப்படும், எழுத்து டிஸ்க்கில் கிடக்கும். வின்டோஸும் தன்ர பேஜ்ஃபைலை மெஷின் நிற்கேக்க அழிக்காது, அழி எண்டு நாங்கள் தனியாகச் சொன்னால் ஒழிய. கடைக்காரர் மெஷின் மாத்தேக்க பழசு எங்க போகுது? ஆருக்கோ அரைவிலைக்கு.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 2005இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விடுவிக்கிற கையோடயே துடைச்சுவிடு எண்டு ஒரு ஆய்வுக்கட்டுரையில் வாதாடினாங்கள். லினக்ஸுக்கு அந்த வசதி 2019இல், 5.3ஆவது பதிப்பில் வந்தது: இனிற்-ஒன்-ஃப்ரீ. வழமையாக அது நிற்பாட்டித்தான் கிடக்கும். ஏன்? பெரும்பாலான வேலைகளில் வேகம் 3 முதல் 5 வீதம் குறையும் எண்டு கேர்னலின் விளக்கக் குறிப்பே சொல்லுது. ஆயிரக்கணக்கான சேர்வர் வைச்சிருக்கிற கொம்பனிக்கு அது பெரிய காசு. படிவம் நிரப்புற ஒரு மெஷினுக்கு 5 வீதம் எண்டது என்ன? பிரின்டர் சூடாகிற நேரம்கூட இல்லை. ஆரோ ஒருத்தரின்ர சேர்வருக்காக எடுத்த முடிவை எங்கட கடை மேசையில அப்படியே வைச்சிருக்கிறம், கேள்வி இல்லாமல்.

திருப்பி எடுக்கிறதே சிலவேளை பிந்தும். றாம் முடிஞ்சு கேர்னல் ஒரு புரொசஸைக் கொன்றாலும், அது ஏதோ ஒரு பூட்டுக்காகக் காத்துக்கொண்டு நிண்டால் சாகாது, மெமரியும் வராது. அதுக்காகவே 2016இல் ஊம் ரீப்பர் எண்டு ஒண்டு கேர்னலுக்குள் வந்தது, புரொசஸ் சாக முதலே மெமரியைப் பறிக்க. குறைஞ்ச றாம் போன் வைச்சிருக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

மெமரிக்கு வெளியில கிடக்கிறதை கேர்னல் தொடவே தொடாது. தற்காலிக ஃபைல், பகிர்ந்த மெமரித் துண்டு, டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கிற ஸ்கேன் பண்ணின அடையாள அட்டை, எல்லாம் நீங்கள் அழிச்சால்தான் அழியும். கடவுச்சொல்லை வாங்கிற புரோகிராம் எழுதினால் வேலை முடிஞ்ச உடனேயே அந்த இடத்தைத் துடைக்க வேண்டியதும் நீங்கள்தான். அதையும் சும்மா மெம்செட் போட்டு நம்பேலாது. 'இதை இனி ஆரும் வாசிக்கப் போறதில்லைத்தானே' எண்டு கொம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடும். 2017இல் ஜீலிப்சி 2.25க்குள் எக்ஸ்ப்ளிசிற் பீஸீரோ வந்தது இந்தக் கரைச்சலுக்காகத்தான்.

இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அதை வாசிச்ச ஆக்கள் எங்களுக்குள்ள எத்தினை பேர் எண்டு கேட்டு ஒருத்தரையும் வெட்கப்படுத்தேல்லை. எனக்குக் கோபம் கணக்கெடுப்பில. இந்தப் பக்கத்துச் சனத்தின்ர ஆவணம் எல்லாம் ஒருக்கால் துலைஞ்சு, அலைஞ்சு திரிஞ்சு திருப்பி எடுத்தது. அதை இப்ப தட்டச்சு செய்து குடுக்கிறது ஐசிடி படிச்ச எங்கட வயசுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு 'கேர்னல் பார்த்துக்கொள்ளும்' எண்டு சொல்லி அனுப்புற பாடத்துக்கு ஏ சித்தி குடுத்து என்ன?

அன்ரி போன கிழமை திரும்ப வந்தா. இந்தமுறை மகனின்ர கடவுச்சீட்டு விண்ணப்பம். நான் இப்ப கடையில இல்லை, ஆனால் வேற அலுவலா அங்க நிண்டன். படிவம் அனுப்பினாப் பிறகு ஸ்கேன் பண்ணினதை அழிச்சு, பிரவுசரின்ர வரலாறைத் துடைச்சு, மெஷினை ஷட்டவுன் பண்ணச் சொன்னன். கடைக்காரத் தம்பிக்கு எரிச்சல், பின்னுக்கு நாலு பேர் வரிசையில. அன்ரி கேட்டா, "இப்ப ஒண்டும் கிடவாதே தம்பி?"

"டிஸ்க்கில கொஞ்சம் கிடக்கலாம் அன்ரி" எண்டன்.

கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம்.