என்ஜினை மாற்றலாம், ஊரை ஏமாற்றலாமா?

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. ரோட்டிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடும் பழைய வேன்களைப் பார்க்காதவர் உண்டா? பின்னால் ஸ்கூட்டரில் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். ரோட்டோர டீக்கடைக்காரர் நாளெல்லாம் அந்தப் புகையைத்தான் குடிக்கிறார்.

இப்படிப்பட்ட சில வண்டிகளில் ஓடுவது கம்பெனி பொருத்திய என்ஜின் அல்ல. என்ஜின் மடக்கிவிட்டால் புதுசு வாங்க டிரைவரிடம் பணம் ஏது? சென்னை புதுப்பேட்டையில் பழசு ஒன்றைப் பிடித்து மாட்டிவிடுகிறார். பொழைப்பு நடக்கணுமே!

"நம்ம வண்டி, நம்ம காசு. யாரைக் கேக்கணும்?" என்கிறார்கள்.

கேட்கத்தான் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அனுமதி பெறாமல் என்ஜின் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து, புது நம்பரைப் பதிய வேண்டும். விதியை மீறி வண்டியை மாற்றினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 2019-ல் வந்த திருத்தம் இது.

"புகை சர்டிபிகேட் இருக்கே!" என்பார்கள். அந்தச் சோதனை, குழாயில் அன்றைக்கு வந்த புகையை மட்டுமே பார்க்கிறது. என்ஜின் யாருடையது என்று பார்ப்பதில்லை. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ்-6 வண்டியில் புகையை வடிகட்டும் கருவியும் சென்சாரும் அந்த என்ஜினுக்கென்றே அமைந்தவை. அதில் பழைய என்ஜினை மாட்டினால் அத்தனையும் வீண்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பில் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியுடையது என்றால், போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் கையை விரிக்கலாம்.

ஆகவே அதே கம்பெனி, அதே மாடல் என்ஜினையே பாருங்கள். பில் வாங்குங்கள். மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி கேளுங்கள். மாட்டிய பின் புகைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த விதிகளைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு மெக்கானிக் ஷெட்டிலும் ஒட்டுங்கள். உண்மையைச் சொல்ல வருகிற டிரைவரை நாலு நாள் அலையவிடாதீர்கள். அலையவிட்டால் அடுத்தவன் வரமாட்டான், புகைதான் வரும்!