ஆவடியில் அர்ஜுனன்

சென்னைக்கு மேற்கே ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் யுத்த டாங்கிகளில் ஒன்றுக்கு 'அர்ஜுன்' என்று பெயர். ருஷ்ய தேசத்து மாதிரியைக் கொண்டு அதே தொழிற்சாலையில் 2009-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு வந்த மற்றொரு டாங்கிக்கு 'பீஷ்மா' என்று பெயர். பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை சற்று வியப்பை விளைவிக்கும். பத்தாம் நாள் யுத்தத்தில் சிகண்டியை முன்னே நிறுத்திக்கொண்டு பிதாமகரைச் சரப் படுக்கையில் கிடத்தியவன் பேரனாகிய அர்ஜுனனேயன்றோ? இவ்விருவரையும் ஒரே கூரையின் கீழ்ப் பிறப்பித்து, ஒரே சேனையில் சேர்த்து வைத்த புண்ணியம் நமது ராணுவ இலாகாவைச் சேர்ந்தது.

இவ்வாறு பெயரிடுவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. தன் காவலுக்கு வேண்டிய கருவிகளை அன்னியரிடம் கையேந்தி வாங்காமல் தானே செய்துகொள்ள முற்பட்ட ஒரு தேசம், அக்கருவிகளுக்குத் தன் பழங்கதைகளிலிருந்து பெயர் தேடுவது இயல்பேயாகும். இந்த டாங்கிக்கு 1974-ஆம் ஆண்டில் சர்க்கார் அனுமதி கிடைத்தது. சேனையில் அது முதன்முதல் சேர்ந்தது 2004-ஆம் ஆண்டில். பாண்டவர்களுக்குப் பன்னிரண்டு வருஷ வனவாசமும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசமுமே விதிக்கப்பட்டன. ஆவடி அர்ஜுனனுக்கோ முப்பது வருஷம் பிடித்தது. எனினும் வந்து சேர்ந்தான். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி, திருத்தியமைக்கப்பட்ட வகையைப் பிரதம மந்திரி சென்னையில் ராணுவத்தின் வசம் ஒப்புவித்தார். அவ்வருஷம் செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு, சுமார் 7,523 கோடி ரூபாய்க்கு, உத்தரவு பிறந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பட்டறைகளில் உழைக்கும் பல குடும்பங்களுக்கு இது சோறு சம்பந்தமான விஷயம் என்பதை நாம் மறக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. அர்ஜுனன் என்ற பெயரை இரும்பில் பொறித்துவிட்டோம். அப்பெயருக்குரியவன் யார், அஸ்திரங்களைப் பற்றி அவனுக்கு என்ன உபதேசிக்கப்பட்டது, கடைசியில் அவனுடைய வில் என்ன ஆயிற்று என்பவற்றை அந்தத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி வாழும் நம் குழந்தைகள் அறிவார்களா? அறிய வகையிருக்கிறதா?

ஒரு காலத்தில் வகை இருந்தது. பூந்தமல்லி வழியே காஞ்சிக்குச் செல்லும் ராஜபாட்டையில் போனால், காஞ்சியை அடுத்துள்ளது கூரம் என்னும் சிற்றூர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேச்சுரவர்மன் அவ்வூர்க் கோயிலுக்கு அளித்த செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேனையும் கோட்டையும் உடைய அரசன், ஓயாமல் சாளுக்கியரோடு போரிட்டவன், ஊரார் பாரதம் கேட்கவேண்டுமென்று நிலத்தின் வருவாயிலே வழி செய்தான் என்பது கவனிக்கத்தக்கது.

அரசர்கள் போன பிறகு குடிகள் அக்காரியத்தைக் கைவிடவில்லை. தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும்பொழுது பகலிலே பிரசங்கம், இரவிலே தெருக்கூத்து. அதில் 'அர்ச்சுனன் தபசு' என்னும் நாளன்று வானளாவ நிறுத்திய பனைமரத்தின்மீது அர்ஜுன வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவதும், உச்சியில் நின்று பூஜை செய்து விபூதியும் எலுமிச்சம் பழமும் கீழே வீசுவதும், பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் மரத்தடியில் ஈரத்துணியோடு விழுந்து வணங்குவதும் கண்டவர்க்கு மறவாத காட்சிகள். கவனியுங்கள்: அர்ஜுனன் அம்மரத்தில் ஏறுவது பாசுபதாஸ்திரம் பெறுவதற்கு. அழிக்கும் படையைத் தேடி ஏறுகிறவனிடம் நம் பெண்கள் பிள்ளை வரம் கேட்கிறார்கள். படிப்பில்லாதவர் என்று நகரத்தார் நினைக்கும் அந்த ஜனங்கள், அஸ்திரம் எதற்காக என்ற கேள்விக்குத் தாமே ஒரு விடையைக் கண்டிருக்கிறார்கள் என்று நாம் கருதுகிறோம்.

அந்த அஸ்திரம் எளிதில் கிடைக்கவில்லை. வேடன் உருவில் வந்த சிவபெருமான் பன்றி ஒன்றைக் காரணமாக வைத்து அர்ஜுனனோடு சண்டையிட்டு, அம்பறாத்தூணியை வெறுமையாக்கி, மல்யுத்தத்தில் அவனை மூர்ச்சிக்கச் செய்த பின்னரே அதை அருளினார். அப்பொழுதும் ஒரு நிபந்தனை விதித்தார்: ஆத்திரத்தில் இதைத் தொடுக்கலாகாது, அற்ப பலமுடையவன் மீது ஏவினால் உலகனைத்தையும் எரித்துவிடும். வல்லமை தருவதற்கு முன்னே செருக்கை அடக்குவதும், தரும்பொழுதே வரம்பு கட்டுவதும் நமது முன்னோர் கண்ட முறை.

இதைவிடக் குறைவாகவே பேசப்படுவது வனபர்வத்திலுள்ள இன்னொரு சம்பவம். தேவலோகம் சென்று நிவாதகவசர்களை வென்று திரும்பிய தம்பியிடம், அந்தத் திவ்யாஸ்திரங்களைக் காட்டுமாறு தருமபுத்திரர் ஆசையோடு கேட்டார். அர்ஜுனனும் மறுநாள் நீராடி, காண்டீபத்தை ஏந்தி, ஒவ்வொன்றாகக் காட்ட ஆயத்தமானான். அஸ்திரம் ஒன்றும் விடப்படவில்லை. எடுத்த மாத்திரத்திலே பூமி அதிர்ந்தது, காற்று நின்றது, சூரியன் ஒளி மங்கினான், நிலத்தடியில் வாழும் உயிர்கள் நடுங்கிக்கொண்டு வெளியே வந்து கைகூப்பின. தேவர்கள் நாரதரை அனுப்பினார்கள். இலக்கு இல்லாமல் இவற்றை எடுக்காதே, இலக்கு இருந்தாலும் துன்பம் நேர்ந்தாலன்றித் தொடுக்காதே என்று அவர் தடுத்தார். யுதிஷ்டிரரிடமும், யுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கேட்டவர் தருமபுத்திரரே ஆயினும், வேடிக்கைக்காக அஸ்திரத்தை வெளியே எடுக்கலாகாது. இன்று பல தேசங்கள் தேசிய தினங்களில் ஏவுகணைகளை வீதி வீதியாக இழுத்துச் சென்று காட்டுகின்றன. நாமும் அவ்விதமே செய்கிறோம். நாரதருக்கு அழைப்பு அனுப்புவாரில்லை.

ஆனால் பாரதத்தின் முழு நெஞ்சும் வெளிப்படுவது சௌப்திக பர்வத்தில்தான். உறங்குகிறவர்களைக் கொன்றுவிட்டு ஓடிய அசுவத்தாமன், பாண்டவர்கள் துரத்தி வந்து பிடித்தபோது, ஒரு புல்லைக் கிள்ளி மந்திரித்துப் பிரமசிரசு என்னும் அஸ்திரத்தை ஏவினான். அதைத் தணிப்பதற்காகக் கண்ணபிரான் ஏவ, அர்ஜுனனும் அதே அஸ்திரத்தைத் தொடுத்தான். தொடுக்கும்பொழுது, ஆசாரியன் மகனுக்கும் தன் சகோதரர்க்கும் எல்லா உயிர்க்கும் நலம் உண்டாகுக என்று சொல்லிக்கொண்டே தொடுத்தான். இரண்டு நெருப்புகளும் மோத இருந்த தருணத்தில் நாரதரும் வியாசரும் நடுவே வந்து நின்றார்கள். இருவரும் அஸ்திரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அர்ஜுனன் திருப்பிக்கொண்டான். அசுவத்தாமனால் முடியவில்லை. இருவருக்கும் கற்பித்தவர் ஒரே துரோணர். படித்த மந்திரம் ஒன்றே. விட்டதைத் திரும்ப அழைப்பதற்கு வேண்டியது வேறொன்று. புலனை அடக்கி வாழ்ந்தவனுக்கே அது கைகூடும் என்று வியாசர் சொல்லுகிறார். திருப்ப இயலாத அஸ்திரத்தை அசுவத்தாமன் எங்கே செலுத்தினான்? பாண்டவர் குலப் பெண்களின் கருவின்மேல். உத்தரையின் வயிற்றிலிருந்த சிசு மடிந்தது. கண்ணன் அருளால் பிழைத்துப் பரீக்ஷித்து ஆயிற்று.

1945-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்த காட்சி பகவத் கீதையைத் தன் நினைவுக்குக் கொண்டுவந்ததாக, அதைச் செய்து முடித்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பின்னாளில் கூறினார். அவர் ஸம்ஸ்கிருதம் பயின்றவர். அவர் நினைவுக்கு வந்தது குருக்ஷேத்திரத்தின் முதல் நாள். பொருத்தமாக வந்திருக்கவேண்டியது, யுத்தம் முடிந்த மறுநாள் நிகழ்ந்த இந்தக் கதை. ஹிரோஷிமாவிலும் நாகஸாகியிலும் கருவிலிருந்த குழந்தைகள் குறையோடு பிறந்ததைப் பிற்காலத்து வைத்தியர்கள் கண்டெழுதியிருப்பதைப் படிக்கையில், வியாசர் அந்த அஸ்திரத்தை ஏன் கருவின் பக்கம் திருப்பினார் என்பது விளங்குகிறது.

இதிகாசங்கள் அநியாயங்கள் நிறைந்தவை, அவற்றைக் குழந்தைகளுக்குச் சொல்வது தகாது என்று நம் நாட்டில் ஒரு சாரார் வெகு காலமாகச் சொல்லி வருகின்றனர். ஏகலைவனை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். நியாயமே. அந்த வேடச் சிறுவனின் கட்டைவிரல் போனதற்கு அர்ஜுனனுடைய பொறாமை காரணம் என்பதை வியாசர் மறைக்கவில்லை. ஒளிக்காமல் எழுதி வைத்ததனால்தான் அவர்களாலும் சுட்டிக்காட்ட முடிகிறது. சபையில் இழுத்து வரப்பட்ட திரௌபதி, தம்மைத் தோற்றவர் என்னைப் பணயம் வைக்கலாமோ என்று கேட்டாள். பீஷ்மர் உட்பட அங்கிருந்த பெரியோர் ஒருவரும் நேரான விடை தரவில்லை. விடை தராத பெரியவர்களைப் பெரியவர்களென்றே காட்டிவிட்டு, கேள்வியையும் அழியாமல் வைத்திருக்கும் நூலை மறைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று நமக்குப் புரியவில்லை. இவர்களைக் காட்டிலும் நமக்கு அதிக வருத்தம் தருகிறவர்கள் வேறு சிலர். அவர்கள் பாரதத்தைப் பக்தியோடு போற்றுகிறார்கள். ஆனால் சங்கு ஊதும் பக்கத்தோடு புஸ்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடாமல் படித்தால் என்ன வரும்? கண்ணபிரான் மறைந்தபின் துவாரகையின் பெண்களை அழைத்துக்கொண்டு வந்த அர்ஜுனனை வழியில் கொள்ளைக்காரர்கள் கோல்களோடு வந்து வளைத்தனர். காண்டீபத்தில் நாண் ஏற்றவே அவன் திணறினான். அஸ்திர மந்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. குறையாத தூணி குறைந்தது. வில்லின் முனையால் அடித்துப் பார்த்தான். அவன் கண்ணெதிரே பெண்களைக் கொண்டுபோனார்கள். அப்புறம் மகாபிரஸ்தானத்தில், அக்கினி தேவன் எதிரே வந்து, வருணனிடமிருந்து வாங்கித் தந்த வில்லை வருணனிடமே சேர்க்குமாறு கேட்க, காண்டீபத்தையும் தூணிகளையும் நீரில் எறிந்துவிட்டு அவன் நடந்தான். வழியில் விழுந்தான். ஏன் விழுந்தான் என்று வீமன் கேட்டதற்கு, பகைவரையெல்லாம் ஒரே நாளில் எரிப்பேன் என்று வீரம் பேசினான், பேசியபடி செய்யவில்லை, மற்ற வில்லாளரை அவமதித்தான் என்று தருமபுத்திரர் திரும்பியும் பாராமல் விடையளித்தார்.

இப்பகுதிகள் தமிழ் ஜனங்களின் காதில் குறைவாகவே விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாரதப் பிரசங்கத்துக்கு ஆதாரமாயுள்ள வில்லிபுத்தூரார் நூல் பத்துப் பருவங்களோடு, சௌப்திகத்தில், நின்றுவிடுகிறது. தொண்டை நாட்டவராகிய நல்லாப்பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டில் பதினெட்டுப் பருவங்களுக்கும் நிறைவு செய்தார். கும்பகோணம் ம. வீ. இராமானுஜாசாரியார் பல்லாண்டு பாடுபட்டு முழு நூலையும் தமிழ் வசனத்தில் கொண்டுவந்தார். ஆகவே நூல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்பதற்கு இடமும் சொல்வதற்கு ஆளுமே வேண்டும்.

ஆவடிக்கு இது புதிய பொறுப்பன்று. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை அங்கே சத்தியமூர்த்தி நகரில் கூடியபோது, சோஷலிஸ மாதிரி சமுதாயம் என்ற குறிக்கோளை இந்த ஊரின் பெயரோடு தேசம் முழுவதும் உச்சரித்தது. 2019-ஆம் ஆண்டு முதல் ஆவடி தனி மாநகராட்சியாகவும் இருக்கிறது. அதன் மண்டபங்களில் ஒன்றை வாரத்தில் ஒரு மாலை பாரதம் வாசிப்பதற்கு வாடகையின்றி விடுவது பெரிய செலவன்று. அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில் தர்மகர்த்தாக்கள், ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் கொடுப்பதில் ஒரு பகுதியைப் பிரசங்கிக்கும் கூத்துக் கலைஞர்களுக்கும் உயர்த்திக் கொடுக்கலாம். தொழிலாளர் சங்கங்களும், உத்தியோகஸ்தர் சங்கங்களும் இதில் சேர்ந்துகொண்டால் நலம். டாங்கியின் இயந்திரத்தை நன்கறிந்தவர்கள் கதையிலும் நல்ல கேள்விகள் கேட்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வழக்கம்போல் சூதாட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் மாலை, அர்ஜுனன் காண்டீபத்தை நீரில் எறிந்த இடத்தை வாசிக்கட்டும். அதைக் கேட்கும் பிள்ளைகள், அந்த வில் அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதைச் சொல்ல இரண்டாம் மாலை வேண்டியிருக்கும்.